மதியப் பொட்டலம்

மே 9, வெள்ளி

மசாலா கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. இன்றைக்கு எடுத்து எழுதக் காரணம் கோபம்.

ஜெயசிங் சார் மீதுதான் கோபம். அவர் எங்கள் கேம்ப் பாஸ், நாகர்கோவில்காரர். இந்தப் பாலைவனத்தில் குழாய் பதிக்க வந்திருக்கிற நூற்றெண்பது பேருக்கும் படுக்கை, பஸ், சோறு எல்லாம் அவர் பொறுப்பு. சோற்றை ஆக்குவது நான். காலையில் எல்லாரையும் மெஸ் ஹாலில் நிறுத்திவைத்து, செல்போனைப் பார்த்து வாசித்தார். திங்கட்கிழமையிலிருந்து அனல் காற்றாம். ஜூன் கடைசியில் வரவேண்டிய வெயில் இந்த வருசம் மே மாதமே வருகிறதாம். நாற்பத்தொன்பது டிகிரி வரைக்கும் போகலாமாம். எல்லாரும் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அறிவிப்பு.

"அப்ப மத்தியானம் ரெஸ்ட் உண்டா சார்?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார்.

"சட்டப்படி மத்தியான ரெஸ்ட் ஜூன் பதினஞ்சுலேந்துதான். அதுக்கு முன்னால நான் கம்பெனில போய் கேட்டா என்னைய ஊருக்கு அனுப்பிருவான், பாத்துக்கிடுங்க."

சட்டத்துக்குத் தேதி தெரிகிறது. வெயிலுக்குத்தான் காலண்டர் பார்க்கத் தெரியவில்லை.

எனக்கென்ன வந்தது? நான் அடுப்படியில் நிற்கிறவன். அதுவும் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவன். வெயில் என்னிடம் வாலாட்டினால் அதையும் பிடித்துக் குழம்பில் போட்டுவிடுவேன். கவலைப்பட வேண்டியவர்கள் வெளியே வேலை செய்கிறவர்கள்.

அவர்களில் ஒருவர் என் மாப்பிள்ளை தவசி. தங்கை பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர். ஜனவரியில் வந்து சேர்ந்தார். வயதில் எனக்குப் பத்து வருசம் இளையவர்தான், ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை. மெஸ்ஸில் வரிசையில் தட்டேந்தி நிற்க விடுவதில்லை. உட்காரவைத்து நானே பரிமாறுவேன். மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். இன்று இரண்டு முட்டை வைத்தேன்.

மே 10, சனி

இங்கே மதியச் சோறு ஒரு கூத்து. ஊரே உறங்கும்போது எழுந்து ஆக்க வேண்டும். சோறு ஒரு பிளாஸ்டிக் பையில், சாம்பார் ஒரு பையில், பொரியல் ஒரு பையில். மூன்றையும் சேர்த்து ஒரு முடிச்சு. விடியுமுன் பஸ் கிளம்புகிறபோது ஆளுக்கொரு பொட்டலம். அதைப் பள்ளத்தோரம் எங்காவது நிழலில் வைத்துவிட்டு வேலை செய்வார்கள். நிழல் நகர்ந்துவிடும். பொட்டலம் நகராது. மத்தியானம் பிரிக்கும்போது அது என் சமையல் இல்லை, வேறு என்னமோ.

ஊரில் விசேச வீட்டுக்குச் சமைக்கப் போனால், இலை போட்ட பிறகுதான் குழம்பை இறக்குவேன். அப்படிப்பட்டவன் கையால் பை முடிச்சுப் போட வைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் பொட்டலம் பாதி அப்படியே திரும்பி வந்தது. கத்தரிக்காய் கசந்திருக்கும். இங்கே வருகிற கத்தரிக்காய் அப்படித்தான்.

மே 11, ஞாயிறு

காற்றே இல்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். அரிசி களைய ஐஸ் போட வேண்டியதாயிற்று.

மே 12, திங்கள்

சொன்னபடி வந்துவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நேராகக் கட்டிலில் போய் விழுந்தார்கள். ஒருத்தர் மட்டும் சமையலறை வாசலுக்கு வந்து, "பூமிண்ணே, சோறு நூல் விட்டுருச்சு. கோவிச்சுக்காதீங்க, கொட்டிட்டோம்" என்றார். கோபித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? பூமிநாதன் சோறு கொட்டப்பட்டது என்று என் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. ஜெயசிங் சாரிடம் போனேன்.

"வெயிலுக்கு நான் என்ன ஓய் செய்ய? தயிர் ஊத்தாதேயும். புளிசாதம் கட்டும்" என்றார்.

எனக்குச் சமையல் சொல்லித்தருகிறார்.

மாப்பிள்ளை சட்டையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆனால் சட்டை காய்ந்திருந்தது. கூட வந்தவர்கள் சட்டையெல்லாம் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒன்னுமில்ல மச்சான்" என்றார். கூட வேலை செய்கிறவர் சொல்கிறார், தவசி தண்ணியே குடிப்பதில்லையாம். ஒதுங்க இடம் ரொம்பத் தூரம், போய்விட்டு வந்தால் ஃபோர்மேன் முறைப்பான், குடிக்காவிட்டால் போகவும் வேண்டாமே என்று கணக்காம். மாப்பிள்ளைக்கு மூளை எப்போதும் கொஞ்சம் அதிகம்.

ராத்திரி பஞ்சவர்ணம் போன் பண்ணினாள். "அவுக நல்லா சாப்பிடுறாகளாண்ணே?" என்றாள். நல்லா சாப்பிடுறார் என்றேன்.

செல்வராசு டம்ளரை இன்று அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். இங்கே பள்ளம் வெட்டினவர், போன கோடையில் போய்ச் சேர்ந்தவர். அந்த டம்ளரைத் தூக்கிப்போட இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

மே 13, செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. வேலை விட்டு வந்த மாப்பிள்ளை அடுத்த பிளாக்குக்குள் போய் யார் கட்டிலிலோ படுத்துக்கொண்டார். எழுப்பினால், இது என் கட்டில்தான் என்று சாதிக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு வந்து வெங்காயம் நறுக்கினேன். கை ஓடவில்லை.

நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லலாம். வேறு யாராக இருந்தாலும் காதைத் திருகி உட்காரவைத்திருப்பேன். மாப்பிள்ளையிடம் அது நடக்குமா? தாலி கட்டின அன்றைக்கு, அவர் காலைக் கழுவி வீட்டுக்குள் கூட்டிவந்தவன் நான். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைக் கையில் பிடித்துக் கொடுத்தவன். அவருக்கு உத்தரவு போட எனக்கு வாய் வராது. உடம்பு முடியவில்லை என்று பெண்டாட்டியின் அண்ணனிடம் சொல்ல அவருக்கும் வாய் வராது. இப்படி ரெண்டு மரியாதைக்காரர்கள் ஒரே கேம்பில்.

சுற்றி வளைத்து ஒன்று செய்தேன். "மாப்பிள்ளை, அடுப்படியில ஆளு பத்தல. ஜெயசிங் சார்ட்ட சொல்லி நாலு நாளு உங்கள இங்க மாத்திக்கிறேன். சும்மா உக்காந்து வெங்காயம் உரிச்சாப் போதும்" என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "என்னைய வெங்காயம் உரிக்கச் சொல்றீகளா மச்சான்? பொண்ணு எடுத்த வீட்டுல எனக்கு இதான் மரியாதையா?"

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கரண்டியோடு நின்றேன்.

மே 14, புதன்

மாப்பிள்ளை என்ன செய்திருக்கிறார் தெரியுமா? காலையில் ஃபோர்மேனிடம் போய், பள்ளத்துக்குள் இறங்குகிற வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். காற்று நுழையாத இடம், எல்லாரும் ஒளிகிற வேலை. வெங்காயம் உரிக்கிறவன் இல்லை என்று எனக்குக் காட்டுகிறாராம். இதற்கு நானே காரணம் என்பதை நினைத்தால் என்னையே தோசைக்கல்லில் வைத்துத் திருப்பிப்போட வேண்டும் போலிருக்கிறது.

இன்றைக்கும் பொட்டலங்கள் புளித்துப்போய்த் திரும்பின. இரண்டு பேருக்கு வாந்தி.

நேராக ஆபீசுக்குப் போனேன்.

"நாளையிலேந்து பொட்டலம் கட்ட மாட்டேன் சார்."

"என்னது?"

"கட்ட மாட்டேன். மத்தியானம் பஸ்ஸுல இங்க கூட்டிட்டு வாங்க. சுடச்சுட ஆக்கிப் போடுறேன். தின்னுட்டு ஃபேனுக்கடியில படுத்துட்டு, வெயில் தாழப் போகட்டும். வேலை நேரத்தைச் சாயங்காலம் சேத்துக்கங்க."

"ஓய் பூமி, நீரு சமையல்காரன். வேலை நேரத்தைப் பத்திப் பேச நீரு யாரு?"

"நான் வேலை நேரத்தைப் பத்திப் பேசல. என் சோத்தைப் பத்திப் பேசுறேன். கெட்டுப்போன சோத்துக்கு என் பேரு வேண்டாம்."

அது உண்மைதான். என் சோற்றுக்காகத்தான் பேசினேன். வேறொன்றும் இல்லை.

மே 15, வியாழன்

ஜெயசிங் சார் லேசான ஆள் இல்லை. நான் கட்டாததால் தானே எழுந்து வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு புளிசாதம் கிண்டினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். அடி பிடிக்கப்போகிறது என்று தெரிந்தும் சொல்லவில்லை. அவரே பை பையாக முடிந்து பஸ்ஸில் ஏற்றினார்.

அவர் போனதும் நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அத்தனை பேருக்கும் சோறு, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், மோர். மெஸ் ஹாலில் எல்லா மேசையும் துடைத்துத் தட்டு கவிழ்த்துவைத்தேன். பஸ் வருமென்று வாசலில் நின்றேன். ஹாலில் ஃபேன்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ரசம் ஆறியது. ஒரு ஆள்கூட வரவில்லை.

சாயங்காலம்தான் வந்தார்கள். இறங்கும்போது ஒவ்வொருவராகப் பொட்டலத்தை மெஸ் வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். பிரிக்கவே இல்லை. ஒருத்தர்கூடப் பிரிக்கவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவர்களாகவே பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பசியோடு அத்தனை நேரமும் வேலை செய்திருக்கிறார்கள், கிறுக்குப் பயல்கள். ஆறின சோற்றைச் சூடாக்கிப் போட்டேன். அள்ளி அள்ளித் தின்றார்கள்.

மாப்பிள்ளை மட்டும் சாப்பிட வரவில்லை. தட்டை அறைக்குக் கொடுத்தனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது. கோபமாக இருக்கிறார் என்று எழுதிவைக்கிறேன்.

மே 16, வெள்ளி

ஜெயசிங் சார் சமையலறைக்கே வந்தார். மேசை நிறைய பொட்டலத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை போல. வாந்தி விஷயம் நகராட்சி ஆட்களுக்குப் போனால் சமையலறையைப் பூட்டிவிடுவார்களே என்ற பயம் வேறு.

"சோறு கெடுதுன்னுதான ஓய் உம்ம பிரச்சினை?"

"ஆமா."

"சரி. நாளைக்குக் காய்கறி வேன் தாரேன். மத்தியானம் சுடச்சுட வச்சுக் கொண்டு போம். வேலை செய்யுத இடத்துலயே விளம்பும். தீந்துதா?"

"தீந்துது சார்" என்றேன்.

ஆகவே நான் ஜெயித்துவிட்டேன். சூடான சோறு. நூல் விடாத சோறு. கேட்டது கிடைத்துவிட்டது. நாளைக்கு வெயில் இன்னும் ஏறும் என்று செல்போன் சொல்கிறது. ஜெயித்தவன் ஏன் இப்படிப் புரண்டு படுக்கிறேன் என்று புரியவில்லை.

மே 17, சனி

எழுதித்தான் தீர வேண்டும்.

அண்டாக்களையும் மோர் டிரம்மையும் ஐஸ் பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். வேன் கதவைத் திறந்தேன். ஏழு வருசமாக இவர்களுக்குச் சோறு போடுகிறேன், இவர்கள் வேலை செய்கிற இடத்தை ஒருநாளும் மத்தியானத்தில் பார்த்ததில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. இரும்புக் குழாய்ப் பக்கம் ஒருத்தரும் கையுறை இல்லாமல் போகவில்லை. அடுப்படி வெக்கையை வைத்து நான் பெருமை பேசியிருக்கிறேன். அடுப்பையாவது அணைக்கலாம்.

எல்லாரும் வந்து தட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளை வரவில்லை. "தவசி எங்க?" என்றேன். பள்ளத்தைக் காட்டினார்கள்.

உள்ளே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மண்வெட்டியைக் குடை மாதிரித் தலைக்கு மேல் பிடித்திருந்தார். "மாப்பிள்ளை, சாப்பிட வாங்க" என்றேன். என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை.

"ராமநாதபுரம் பஸ்ஸு போயிருச்சா?" என்றார். "பஞ்சவர்ணம் பைய வச்சுக்கிட்டு நிக்கிறா. எடம் போடுங்க."

இறங்கிக் கையைப் பிடித்தேன். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம்போலச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. மேலே ஏறலாம் என்று இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டார். "வேலை கிடக்கு. நான் வெங்காயம் உரிக்கிறவன் இல்ல" என்றார். அதை மட்டும் மறக்கவில்லை.

அப்போதுதான் கத்தினேன். "டேய் தவசி! ஏறுடா மேல! ஏறுடாங்கிறேன்ல!"

அந்தப் பாலைவனம் முழுக்கக் கேட்டிருக்கும். பள்ளத்தைச் சுற்றி அத்தனை பேரும் நின்றார்கள். மாப்பிள்ளை திகைத்துப்போய் அப்படியே மடங்கி விழுந்தார். நாலு பேர் குதித்துத் தூக்கினார்கள். வேன் நிழலில் படுக்கவைத்துச் சட்டையைக் கிழித்தேன். தண்ணீரை ஊற்றினோம், தீர்ந்ததும் மோர் டிரம்மைத் தூக்கித் தலையிலிருந்து கால்வரை கவிழ்த்தேன். கழுத்திலும் கம்கட்டிலும் ஐஸை வைத்து அழுத்தினேன். "கண்ண மூடாதடா. எந்தங்கச்சிக்கு என்னடா பதில் சொல்லுவேன், கண்ண மூடாதடா" என்று என்னென்னவோ சொன்னேன்.

ஃபோர்மேன் ஓடிவந்தான். யாரைக் கேட்டு ஆளை வண்டியில் ஏற்றுகிறாய் என்றான். என்னைக் கேட்டு என்றேன்.

பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. ஒருத்தர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்றவரும் வைத்தார். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. தட்டிலிருந்த சோற்றைத் தின்று முடித்து, தட்டை அடுக்கிவைத்து, பஸ்ஸில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பஸ் டிரைவர் கொஞ்ச நேரம் ஃபோர்மேனைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கேம்ப் கேட்டில் ஜெயசிங் சார் கையை விரித்து நின்றார். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"சோத்துக்காக நான் சண்டை போடல சார். அது சும்மா சொன்னது. ஆளுக்காகப் போட்டேன். போன வருசம் செல்வராசுக்கு இதயம் நின்னு போச்சுன்னு எழுதினாங்க. நிக்காம யாரு சார் சாவா? ஏன் நின்னுச்சுன்னு எழுத இங்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. இன்னொரு டம்ளர அந்த அலமாரியில வைக்க மாட்டேன். என்னைய என்ன வேணா பண்ணிக்கங்க. இப்ப வழிய விடுங்க."

அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்கு விடுலே" என்று டிரைவரிடம் சொன்னார். அவர் வந்திருக்காவிட்டால் அவ்வளவு சீக்கிரம் உள்ளே சேர்த்திருக்க மாட்டார்கள். அதையும் எழுத வேண்டும்.

மே 18, ஞாயிறு

கண் விழித்துவிட்டார். பெயர் கேட்டதற்குச் சரியாகச் சொன்னாராம்.

பதினோரு மணிக்கு பஸ் கேம்புக்கு வந்தது. யார் உத்தரவு என்று யாரும் கேட்கவில்லை. ரசம் இன்று நன்றாக வாய்த்தது.

மே 20, செவ்வாய்

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். மெஸ்ஸில் மற்றவர்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் 'டா' போட்டிருக்கிறேன், பார்க்காததில் நியாயம் இருக்கிறது. அதற்காக நான் வருத்தப்படப்போவதில்லை. மறுபடி அந்தப் பள்ளத்தில் பார்த்தால் மறுபடியும் போடுவேன்.

மே 21, புதன்

எனக்கு மாற்றல். கடலோரத்து கேம்ப். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

ஜெயசிங் சாரே வந்து சொன்னார். "உம்மை அனுப்பலேன்னா என்னை அனுப்புவான் ஓய்."

"பஸ்ஸு?"

"ஜூன் பதினஞ்சு வரைக்கும் பதினோரு மணிக்கு வரும். அதைக் கையெழுத்துப் போட வச்சு வாங்கிட்டுத்தான் உம்ம மாத்தலுக்குத் தலையாட்டுனேன். பிறகு சட்டம் பாத்துக்கிடும்."

மனுசன் பரவாயில்லை. புளிசாதத்தில் அடி பிடிக்காமல் கிண்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன்.

மே 22, வியாழன்

மத்தியானம் எல்லாரும் ஃபேனுக்கடியில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ராத்திரிச் சமையலுக்கு வெங்காய மூட்டையைப் பிரித்தேன். பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம். மாப்பிள்ளை. கத்தியை எடுத்தார், ஒரு வெங்காயத்தை எடுத்தார், உரிக்க ஆரம்பித்தார். மோசமாக உரித்தார், பாதி வெங்காயம் தோலோடு போனது.

"மாப்பிள்ளை, என்ன இது, விடுங்க" என்றேன்.

"அன்னைக்கு 'டா' போட்டீக. இன்னைக்கு என்ன 'விடுங்க'?"

தலையைத் தூக்காமல்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் ஓடியது. அத்தனை வெங்காயம் கிடந்த அறையில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. மூட்டை காலியாகும்வரை உரித்தோம்.

மே 23, வெள்ளி

புது கேம்புக்கு வரும் வழியில் பஞ்சவர்ணம் போன் பண்ணினாள். எடுத்த எடுப்பில், "ஏண்ணே, எங்க வீட்டுக்காரர எல்லாருக்கும் முன்னால 'டேய்'னு கூப்பிட்டீகளாமே?" என்றாள்.

"ஆமா. கூப்பிட்டேன்."

மூக்கை உறிஞ்சினாள்.

"ஒரு 'டேய்'தானா போட்டீக? இன்னும் ரெண்டு போட்டிருக்கக் கூடாதாண்ணே?"

இங்கே உப்புக் காற்று. அங்கேயிருந்ததைவிட ஈரம், அதனால் வெயில் இன்னும் மோசம். பெட்டியை இறக்கிவைத்து, செல்வராசு டம்ளரை அலமாரியில் வைத்தேன். கேம்ப் பாஸ் வந்து கைகுலுக்கினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சமையலறையைச் சுற்றிக் காட்டினார்.

"மதியப் பொட்டலம் கட்டுற பையெல்லாம் எங்க இருக்குன்னு காட்டட்டுமா?" என்றார்.

"காட்ட வேண்டாம் சார்" என்றேன். "பஸ்ஸு எங்க நிக்குதுன்னு காட்டுங்க."